லாரிக்குள்ளே ஆள் இருக்கான்

காக்கானா ஊரில் டெல்மர் ரிசெக்கைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவனிடம் ஒரு முறையாவது எரிச்சல்படாதவர்கள் அதைவிடக் குறைவு. காகித ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சும்மா உட்காரவே தெரியாத மனுஷன். உட்கார்ந்தால் வலது கால் ஆடும், கால் ஆடினால் மேஜை ஆடும், மேஜை ஆடினால் காபி தளும்பும். “காலை நிறுத்துய்யா, வீடு இடிஞ்சு விழப்போகுது” என்று அவன் மனைவி ஜனீன் கல்யாணமான நாளிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறாள். கால் நின்றபாடில்லை.

அவனுடைய இன்னொரு குணம்தான் ஊருக்குத் தலைவலி. எங்கே ஒரு சட்டம் இருந்தாலும் அதில் ஓட்டை எங்கே என்றுதான் அவன் கண் முதலில் போகும். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறோம் இல்லையா, அதற்கு ஆளுக்கு இத்தனை தூண்டில் என்று ஒரு கணக்கு உண்டு. டெல்மர் தன் மாமியாரைக் கம்பளியில் சுருட்டிக் கொண்டுபோய் பனிமேல் போட்ட மீன்பிடிக் குடிசைக்குள் நாற்காலியில் உட்காரவைத்து, அவள் பங்குத் தூண்டிலையும் போட்டுவிட்டான். அந்த அம்மாள் நாள் பூராவும் தூங்கினாள். சோதனைக்கு வந்த அதிகாரி, “இவங்க தூங்கறாங்களே?” என்று கேட்டதற்கு, “தூங்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?” என்றானாம். அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

‘எங்க எழுதியிருக்கு?’ இதுதான் டெல்மரின் வேதவாக்கு. ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். அவன் திருடினான், பொய்க் கையெழுத்துப் போட்டான் என்று எவனும் சொல்ல முடியாது. சட்டம் போட்ட கோட்டின் மேலேயே நடப்பான், ஒரு விரல்கூட அந்தப் பக்கம் வைக்கமாட்டான். அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

அவனுக்கு ஊரில் ஒரே ஒரு சிநேகிதன், நார்ப் வாண்டர்லூப். வீடுகளில் கணப்பு அடுப்பு பழுது பார்க்கிறவன். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். இரண்டு பேருக்கும் ஒட்டுகிற ஒரே விஷயம் கம்ப்யூட்டரில் ஆடும் போர் விளையாட்டு. பொம்மைத்தனமான விளையாட்டு இல்லை அது. பழைய உலகப் போர்க் காலத்து ஒரு கிராமம், ஒரு பாலம், நாலு டாங்கி, பத்துப் பதினைந்து குழு வீரர்கள், சில பீரங்கிகள், சாமான் லாரிகள். இருவரும் அவரவர் வீட்டிலிருந்து உத்தரவு போட வேண்டும். ஒரு நிமிஷச் சண்டை தானாக ஓடும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த நிமிஷத்துக்கு உத்தரவு. ஃபைல் மெயிலில் போகும், வரும். ஒரு ஆட்டம் முடிய மாசக்கணக்காகும்.

இந்த விளையாட்டுக்காரர்களிடையே ஒரு சொல் உண்டு. கம்ப்யூட்டர் அனுமதிக்கும், ஆனால் நிஜப் போரில் எவனும் செய்யமாட்டான், அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் வசவு அது. நம் பேச்சில் அதற்கு ‘போங்கு’ என்பதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடையாது. டெல்மர் ஆடியது அத்தனையும் போங்கு. எதிரி பீரங்கியை எங்கே ஒளித்துவைத்திருக்கிறான் என்று தெரிய வேண்டுமா, சாலையில் ஒரு காலி லாரியை முன்னால் ஓடவிடுவான். பீரங்கி லாரியைச் சுடும், லாரி எரியும், பீரங்கி இருக்குமிடம் தெரிந்துவிடும். ஆட்டத்துக் கணக்கில் லாரிக்கு விலை அற்பம். அவனுடைய டாங்கி உடைந்தால், அதிலிருந்து தப்பி வந்த ஆட்களை, கையில் வெறும் பிஸ்டலோடு, எதிரியின் முதுகுக்குப் பின்னால் மரத்தடியில் ஒளிந்து வேவு பார்க்க அனுப்புவான். உயிர் தப்பியவன் ஓடிப்போய் ஒரு குவளை தண்ணீர் குடிப்பானா, வேவு பார்க்கப் போவானா? அதையெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை டெல்மர்.

நார்ப் நேர்மாறு. நிஜத்தில் ஒரு தளபதி என்ன செய்வானோ அதைத்தான் செய்வான். அடிபட்ட குழுவைப் பின்னால் இழுத்துக்கொள்வான். தோற்கிற இடத்தில் பின்வாங்குவான். அதனால் எப்போதும் தோற்பான். தோற்றுவிட்டு வெள்ளிக்கிழமை ஷம்மலின் பாரில் மீன் வறுவல் சாப்பிடும்போது சண்டை பிடிப்பான்.

“வெக்கமா இல்ல உனக்கு? போங்குப் பயலே!” என்பான் நார்ப். “அந்த லாரிக்குள்ளே ஆள் இருக்கான்டா. ஒரு டிரைவர் இருக்கான். ‘போ, போய்ச் செத்துட்டு வா’ன்னா அவன் போவானா?”

“டேய், அது படம்டா. படத்துக்கு ஏதுடா டிரைவர்?”

“ஆளில்லாம லாரி எப்படிடா ஓடும்?”

“கம்ப்யூட்டர் ஓட்டுது. கம்ப்யூட்டர் விடுதா இல்லையா? லாரியை முன்னாடி விடக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?”

ஜனீன் அப்போது குறுக்கே வருவாள். “இவன்கிட்ட போய்ப் பேசறியே நார்ப். என் அம்மாவையே தூண்டில்காரியா ஆக்கினவன். லாரி டிரைவரையா விடுவான்?”

சிரிப்பு எழும். டெல்மர் அதற்குள் தன் தட்டு உருளைக்கிழங்கை நார்ப்பின் தட்டுக்குத் தள்ளிவிடுவான். வேண்டிய மட்டும் மீன் சாப்பிடலாம் என்று ஷம்மல் போர்டு மாட்டியிருந்தார். இவன் கிழங்கைத் தொடாமல் மீனாகவே விழுங்குவதைப் பார்த்து வயிறெரிந்து, ‘தட்டு காலியானால்தான் அடுத்த தட்டு’ என்று மாற்றி எழுதினார். காலியாக வேண்டும் என்றுதானே எழுதியிருக்கிறது, யார் சாப்பிட வேண்டும் என்று எழுதவில்லையே! நார்ப் முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கிழங்கைத் தின்பான். இத்தனை வருஷச் சிநேகிதமும் இந்த லட்சணத்தில்தான் ஓடியது.

ஆனால் அந்த ஆட்டத்தில் போங்கைத் தாண்டிய குற்றம் ஒன்று இருக்கிறது. அந்த ஒரு நிமிஷச் சண்டை இருவரில் ஒருவனுடைய கம்ப்யூட்டரில்தான் ஓடும். முடிவு பிடிக்கவில்லை என்றால் அவன் அதை அழித்துவிட்டு மறுபடியும் ஓட்டலாம். குண்டு இந்தத் தடவை பட்டால் அடுத்த தடவை படாமல் போகலாம். மற்றவனுக்குத் தெரியவே தெரியாது. இதற்குப் பெயர் போங்கு இல்லை, திருட்டு. இவர்கள் ஆட்டத்தில் நிமிஷம் ஓடுவது டெல்மரின் கம்ப்யூட்டரில். அவன் ஒரு நாளும் திருப்பி ஓட்டியதில்லை. நார்ப் ஒரு நாளும் சந்தேகப்பட்டதும் இல்லை.

நார்ப்புக்கு ஒரே மகன், டாரின். டெல்மர்தான் அவனுக்கு ஞானத்தகப்பன். கோயிலில் ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் வாங்கியதும் டெல்மரின் கால் ஆடாமல் நின்றது என்று ஜனீன் இன்றைக்கும் சொல்வாள். பையன் ‘டெல் மாமா, டெல் மாமா’ என்று அந்த வீட்டில்தான் பாதி நாள் கிடப்பான். பெரியவனானதும் படிப்புச் செலவுக்கு உதவுமே என்று நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படையில் சேர்ந்தான். மாதத்தில் ஒரு வாரக் கடைசி பயிற்சி, கோடையில் ஒரு முகாம், அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தோம். ஈராக்கில் சண்டை வந்து, அவனுடைய போக்குவரத்துப் பிரிவைக் கூப்பிட்டுவிட்டார்கள். பனி உருகுவதற்கு முன்னால் போனான். லாரி ஓட்டப் போனான்.

நார்ப் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. “சாமான் ஏத்திட்டுப் போறான், வர்றான்” என்பான். ஒரு தடவை மட்டும், லாரிக் கதவு தகரம் மாதிரி இருக்கிறதாம், பையன்கள் குப்பைமேட்டில் இரும்புத் தகடு பொறுக்கி அவர்களே கதவில் பற்றவைத்துக்கொள்கிறார்களாம் என்று சொன்னான். டெல்மர் வாய் சும்மா இருக்குமா? “கெட்டிக்காரப் பசங்க. எவன் சொல்லிக்குடுத்தது, நான்தானே?” என்று சிரித்தான். நார்ப்பும் சிரித்த மாதிரிதான் இருந்தது. மீனைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

அடுத்த திங்கட்கிழமை டெல்மர் ஆலையிலிருந்து வந்து, கையைக்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அன்றைய நிமிஷத்தில் கிராமத்துச் சாலை வழியாக வழக்கம்போல இரண்டு காலி லாரிகளை முன்னால் ஓடவிட்டிருந்தான். ஓட்டிப் பார்த்தான். நார்ப்பின் பீரங்கி மாதா கோயில் சுவருக்குப் பின்னாலிருந்து சுட்டது. முதல் லாரி எரிந்தது. இரண்டாவது லாரி திரும்பி ஓடப் பார்த்தது, அதுவும் எரிந்தது. “ஆஹா, கோயிலுக்குப் பின்னாடியா ஒளிச்சே, மாட்டினியா!” என்று தொடையைத் தட்டிவிட்டு ஃபைலை அனுப்பினான்.

வழக்கமாக நார்ப்பின் பதில் மெயிலில் முதல் வரி வசவாக இருக்கும். வசவு இல்லாத மெயில் டெல்மருக்கு உப்பில்லாத சூப் மாதிரி. அன்று வசவும் வரவில்லை, மெயிலும் வரவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டெல்மர் நூறு தடவை மெயில் பெட்டியைத் திறந்து மூடினான். நெட் வேலை செய்யவில்லையோ என்று சந்தேகப்பட்டு, தனக்குத்தானே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தான். அது சட்டென்று வந்து சேர்ந்தது. கால் ஆடிய ஆட்டத்தில் மேஜை விளக்கு விழுந்து உடைந்தது.

“தோத்துடுவோம்னு கோவிச்சுக்கிட்டானா?” என்று ஜனீனிடம் கேட்டான். “எத்தனை தடவை தோத்திருக்கான், இன்னிக்கு என்ன புதுசா?”

ஜனீன் மளிகைக் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. “கொலீனைப் பார்த்தேன்” என்றாள். கொலீன் என்பது நார்ப்பின் மனைவி. “முகமே சரியில்லை. ஞாயித்துக்கிழமை டாரினோட பிரிவை ரோட்டுல மடக்கி அடிச்சிருக்காங்களாம். டிவியில சும்மா ஒரு வரிதான் வந்துது. அதுக்கப்புறம் பையன்கிட்டேயிருந்து போனே இல்லையாம். அங்க இந்த மாதிரி ஏதாவது நடந்தா, வீட்டுக்காரங்களுக்குச் சேதி போற வரைக்கும் எல்லார் போனையும் நிறுத்திடுவாங்களாம். அதனால உயிரோட இருக்கறவனும் பேச முடியாது.”

டெல்மர் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

“இன்னொண்ணு சொன்னா. டாரின்தான் இப்ப முதல் வண்டியாம்.”

“முதல் வண்டின்னா?”

“வரிசையில முன்னாடி போற லாரி, டெல். ரோட்டுல குண்டு இருக்கா, ஆள் ஒளிஞ்சிருக்கானான்னு முன்னாடி போறவனுக்குத்தானே முதல்ல தெரியும்?” சொல்லும்போதே அவள் கண் கம்ப்யூட்டர் திரைக்குப் போனது. திரையில் அந்த இரண்டு லாரிகளும் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. “ஐயோ, கடவுளே” என்றாள் ஜனீன். “திங்கக்கிழமை இதையா அவனுக்கு அனுப்பினே?”

எங்கே எழுதியிருக்கிறது என்று டெல்மர் இப்போது யாரைக் கேட்பான்? காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நார்ப் வீட்டுத் தெருவுக்குள் போவான், வீட்டைத் தாண்டுவான், பாலம் வரைக்கும் போவான், திரும்புவான். உள்ளே போகத் தைரியம் வராது. வீட்டுக்கும் போக முடியாது. பையனைத் தூக்கி வளர்த்தவன் அவன்தான், அந்தத் தவிப்பு ஒரு பக்கம். ‘நார்ப் இனி என் முகத்தில் முழிப்பானா’ என்ற பயம் இன்னொரு பக்கம். டாரின் போய், நார்ப்பும் போய்விட்டால் இந்த ஊரில் அவனைத் திட்டக்கூட ஆள் கிடையாது. அந்த நினைப்பு வந்ததும், ‘சீ, பையன் உயிர் ஊசலாடுது, உனக்குத் திட்டற ஆள் கவலையா’ என்று தன்னையே நொந்துகொண்டான். எதிர்வீட்டுக்காரர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்த பிறகுதான் ஒருவழியாக வண்டியை நிறுத்தினான்.

நார்ப் கேரேஜில் யாரோ ஒருவருடைய கணப்பு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். கதவு திறந்திருந்தது. தெருவில் யார் வந்தாலும் தெரியும்படி வைத்திருக்கிறான் என்பது டெல்மருக்குப் புரிந்தது. சேதி கொண்டுவருகிறவர்கள் சீருடையில் காரில்தான் வருவார்கள்.

“உன் கார் நாலு தடவை போச்சு” என்றான் நார்ப், நிமிராமல். “ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது. வர்றதுன்னா வரவேண்டியதுதானே?”

“மன்னிச்சுக்கடா. எனக்குத் தெரியாதுடா. அவன் முதல் வண்டின்னு நீ சொல்லவே இல்லையே.”

“சொன்னா ஏதாவது ஜோக் அடிப்பே.”

அந்த ஒரு வார்த்தை டெல்மருக்குச் சுருக்கென்றது. நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைத்தான். “ஆட்டத்தை நிறுத்திடலாம் நார்ப். நான் தோத்ததா வச்சுக்கோ. இனிமே லாரியை முன்னாடி விடமாட்டேன். சத்தியமா.”

நார்ப் ஸ்பேனரைக் கீழே வைத்தான். “நீ லாரியை விட்டே. அது உன் குணம், நாய் வாலு. ஆனா சுட்டது யாருடா?”

“என்னது?”

“சுட்டது என் பீரங்கி. லாரி வரும்னு எனக்குத் தெரியும். உன்னை எனக்குத் தெரியாதா? பீரங்கிக்கு ‘சுடாதே’ன்னு ஒரு உத்தரவு போட்டிருக்கலாம். மவுஸைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், டெல். அப்புறம், ‘நிஜத்துல எவன் சுடாம விடுவான்?’னு நினைச்சேன். நிஜம், நிஜம்னு உன்கிட்டே கத்தினவன் நான்தானே? சுடவிட்டேன். ரெண்டாவது லாரி திரும்பிச்சு பாரு, அதையும் சுட்டேன்.” கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தான். “அங்கேயும் எவனோ ஒருத்தன் அப்படித்தான் உக்காந்திருப்பான்.”

டெல்மர் பக்கத்தில் கிடந்த பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தான். இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கார் திருப்பத்தில் வந்தது. இருவரும் எழுந்துவிட்டார்கள். பீட்சா கொடுக்கிறவன். போய்விட்டான்.

“ஆட்டத்தை நிறுத்த வேண்டாம்” என்றான் நார்ப் கடைசியில். “சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் பிடிச்சுடும்.”

வியாழக்கிழமை சாயங்காலம் நார்ப்பின் மெயில் வந்தது. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை, ஃபைல் மட்டும். டெல்மர் உத்தரவு போட்டு நிமிஷத்தை ஓட்டினான். பார்த்துக்கொண்டே இருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கிராமத்தின் அந்தக் கோடியிலிருந்து நார்ப்பின் லாரி ஒன்று, ஒற்றை லாரி, சாலையில் வந்துகொண்டிருந்தது. காவலுக்கு ஆள் இல்லை. பின்னால் டாங்கி இல்லை. டெல்மரின் பீரங்கிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று நார்ப்புக்கு ஏற்கெனவே தெரியும். அவற்றுக்கு நேராக, பாலத்தைப் பார்த்து வந்தது.

“ஜனீன்! இங்க வா. நார்ப் போங்கு ஆடறான்!”

ஜனீன் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “போங்கு இல்லய்யா, மக்கு” என்றாள் மெதுவாக. “அது போய்ச் சேருதான்னு பார்க்கறான்.”

டெல்மர் நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துக்கொண்டான். அடுத்த நிமிஷத்துக்கு அவன் போட்ட உத்தரவுகளை எந்தப் போர்க் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்கமாட்டார்கள். பீரங்கிக்கு: சுடாதே. இயந்திரத் துப்பாக்கிக்கு: சுடாதே. டாங்கிகளை வேறு பக்கம் திருப்பினான். வேலிக்குப் பின்னால் இருந்த குழுக்களைத் தலை தூக்காமல் படுக்கச் சொன்னான். ஒன்றையும் விடவில்லை என்று இரண்டு தடவை சரிபார்த்தான். நார்ப்புக்கு ஃபைல் போனது, வந்தது. லாரி கோயிலைத் தாண்டியது. பீரங்கிக்கு முன்னாலேயே போனது, அவன் ஆட்கள் மண்ணாந்தைகளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு நிமிஷம். பாலம் அதோ தெரிகிறது.

அந்த நிமிஷத்தை ஓட்டினான். லாரி வளைவில் திரும்பியது. சாலையோர மரங்களுக்குள்ளிருந்து டப், டப் என்று ஒரு சத்தம். டெல்மருக்கு முதலில் விளங்கவில்லை. அவனுக்கு அங்கே ஆளே கிடையாதே! அப்புறம்தான் உறைத்தது. உடைந்த டாங்கியிலிருந்து தப்பி வந்தவர்கள். பிஸ்டல்காரர்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வேவு பார்க்க என்று மரத்தடியில் ஒளித்துவைத்துவிட்டு, அப்படியே மறந்துபோன அவனுடைய சொந்தப் போங்கு. லாரி இழுத்துக்கொண்டு போய் வேலியில் முட்டி நின்றது. டிரைவர் செத்தான் என்று கீழே ஒரு வரி வந்தது.

டெல்மர் எழுந்துவிட்டான். சமையலறைக்குப் போனான், திரும்பி வந்தான். வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான். “அனுப்ப முடியாது. இதை அவனுக்கு அனுப்ப முடியாது” என்றான். அனுப்பாமல் வைத்திருந்தாலும் நார்ப் காத்துக்கொண்டிருப்பான். அங்கே கேரேஜில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

உட்கார்ந்தான். அந்த நிமிஷத்தை அழித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோட்டைத் தாண்டினான். பிஸ்டல்காரர்களுக்கு ‘சுடாதே’ என்று உத்தரவு போட்டுவிட்டு மறுபடி ஓட்டினான். பயந்துபோன பயல்கள், லாரி கிட்டே வந்ததும் உத்தரவை மீறிச் சுட்டார்கள். டிரைவர் செத்தான். “அடப் பாவிகளா!” என்று திரையைப் பார்த்துக் கத்தினான். மறுபடி அழித்தான். இந்தத் தடவை அவர்களை எழுந்து ஓடச் சொன்னான், சாலையை விட்டு எதிர்த்திசையில், ஆற்றுப் பக்கம். அவர்கள் ஓடினார்கள். லாரி வளைவில் திரும்பி, ஒரு கீறல் இல்லாமல் பாலத்தின் மேல் ஏறியது. டெல்மர் கையால் முகத்தை மூடிக்கொண்டான். அப்புறம் அனுப்பினான்.

பதில் சீக்கிரமே வந்தது. முதல் வரி: ‘போங்குப் பயலே. எவன்டா சுடாம விடுவான்?’

டெல்மர் மூக்கைச் சிந்திவிட்டு, ‘சுட்டே ஆகணும்னு எங்க எழுதியிருக்கு?’ என்று தட்டி அனுப்பினான்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை, இறைச்சி கூடாது; ஷம்மலின் பாரில் மீனுக்குக் கூட்டம் நெரிந்தது. டெல்மரும் ஜனீனும் வழக்கமான மேஜையில் உட்கார்ந்து, வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மீன் வந்து ஆறிக்கொண்டிருந்தபோது நார்ப் வந்தான். கொலீன் வரவில்லை. உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

“மத்தியானம் போன் வந்தது” என்றான். “நல்லா இருக்கான். காதுதான் கொஞ்சம் கேக்கலையாம்.”

ஜனீன் வாய்விட்டு அழுதேவிட்டாள். அடுத்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டெல்மர் சிரிக்கப் போய், நார்ப்பின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சந்தோஷப்பட வேண்டியவன் முகமா அது?

“அன்னிக்கு அவன் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகலை” என்றான் நார்ப். “ரெண்டாவது வண்டியை முன்னாடி போகச் சொல்லிட்டு, இவனைப் பின்னாடி வரச் சொல்லிட்டாங்க.” தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தான். அப்புறம் டெல்மரைப் பார்த்தான். “ஒண்ணு கேக்கறேன். அந்த வளைவுல மரத்தடியில உன் பிஸ்டல்காரங்க இருந்தாங்களே. எப்பவோ பார்த்துட்டேன், பாவம்னு விட்டுவச்சேன். அவங்க சுடலையா?”

டெல்மர் பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. “சுட்டாங்க” என்றான். “திருப்பி ஓட்டினேன். மறுபடியும் சுட்டாங்க. மறுபடியும் ஓட்டினேன்.”

நார்ப் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான். “அது போங்கு இல்லடா. திருட்டு.”

“தெரியும்.”

“இனிமே செய்யாதே.”

“செய்யமாட்டேன்.”

நார்ப் கையை நீட்டி, டெல்மரின் தட்டிலிருந்த கிழங்கைத் தன் தட்டுக்குத் தானே இழுத்துக்கொண்டான். யாரும் கேட்காமல் அவன் அப்படிச் செய்வது அதுதான் முதல் தடவை. ஆனால் தின்னவில்லை. முள்கரண்டியால் அதைக் குத்திக்கொண்டே இருந்தான். பக்கத்து மேஜைகளில் சிரிப்பும் தட்டுச் சத்தமுமாக இருந்தது. மேஜைக்கடியில் டெல்மரின் கால் ஆட ஆரம்பித்தது. பிறகு நின்றது.

“நார்ப்” என்றான். “அந்த முன்னாடி போன வண்டி. அதுக்குள்ளே யார்டா இருந்தான்?”

நார்ப் ஒரு பெயரைச் சொன்னான். நெப்ராஸ்காப் பக்கத்துப் பையனாம், டாரினுக்குப் பக்கத்துக் கட்டிலாம். டெல்மர் அந்தப் பெயரை ஒரு தடவை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். ஷம்மல் வந்து, தட்டு காலியா, இன்னொன்று கொண்டுவரட்டுமா என்று கேட்டார். போதும் என்றான் டெல்மர்.